ஒரு எழுத்தைப் படிக்கக் கற்றது: ‘இகிரு’வை மறுபடி பார்த்தல்

1

நான்கு வருஷத்துக்கு முன்னால் அகிரா குரோசவாவின் ‘இகிரு’ பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அப்போது எனக்கு ஜப்பானிய மொழியில் ‘அரிகாதோ’ தவிர ஒன்றும் தெரியாது. ஆங்கில சப்டைட்டிலோடு படத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு, ‘சாகப்போகிறோம் என்று தெரிந்ததும் நல்லவராக மாறும் ஓர் அரசு அதிகாரியின் கதை’ என்று ஆரம்பித்தேன். தகாஷி ஷிமுராவின் நடிப்பைப் புகழ்ந்தேன். கடைசிப் பகுதி இழுவை என்று முடித்தேன். நாயகன் இறந்த பிறகு அவருடைய ஆபீஸ்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து குடித்துக்கொண்டே பேசும் அந்த நீண்ட துக்க வீட்டுக் காட்சியைப் பாதியாகக் கத்தரித்திருக்கலாம் என்றுகூட எழுதியிருந்தேன். சில நண்பர்கள் பாராட்டினார்கள். ஒருத்தன் மட்டும், “குரோசவாவையே எடிட் பண்ணக் கிளம்பிட்டியா?” என்றான்.

அவன் கேட்டதுதான் சரி. அந்தக் கட்டுரை தவறு. கருத்து வேறுபாடு என்று சொல்லித் தப்பிக்கக்கூடிய தவறு இல்லை; படத்தை நான் படிக்கவே இல்லை என்கிற அளவுக்குத் தவறு. அது எனக்குப் புரிந்ததற்குக் காரணம் எந்தத் திரைக் கோட்பாடும் அல்ல, ஒரே ஒரு எழுத்து. படத்தின் தலைப்பில் முதலாவதாக நிற்கும் எழுத்து. அதைப் படிக்கக் கற்றுக்கொண்ட கதையும், கற்ற பிறகு அந்தப் படம் எனக்கு என்னவாக ஆனது என்பதும்தான் இந்தக் கட்டுரை. பழைய கட்டுரைக்கான திருத்தம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

2

வேலை விஷயமாக ஒன்றரை வருஷம் ஒசாகாவில் இருக்க வேண்டி வந்தது. கிளம்புவதற்கு முன்பு சென்னையிலேயே ஹிராகனா, கத்தகனா இரண்டையும் கற்றுக்கொண்டேன். அவை நமக்குக் கஷ்டமே இல்லை. எல்லாம் நம்முடைய உயிர், உயிர்மெய் மாதிரிதான். வரிசைகூட அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந. இந்தியாவிலிருந்து சீனா வழியாகப் போன சித்தம் எழுத்தைப் படித்த பௌத்தத் துறவிகளின் பழக்கத்திலிருந்து உருவான வரிசை அது. ரெண்டு வாரத்தில் முடிந்துவிட்டது. ‘ஜப்பானிய மொழி இவ்வளவுதானா’ என்று ஒரு தெனாவெட்டு வந்தது.

பிறகு கன்ஜி. சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போன எழுத்துகள். “கன்ஜி கத்துக்கறேன்மா” என்று போனில் சொன்னபோது அம்மா, “ஏன், அங்க சோறு கிடைக்கலையா?” என்றாள்.

ஜப்பானில் அன்றாடப் புழக்கத்துக்கென்று அரசு வகுத்திருக்கும் பட்டியலில் 2136 எழுத்துகள் இருக்கின்றன. 2010இல் திருத்திய பட்டியல் அது. அதில் 80 எழுத்துகளை முதல் வகுப்புக் குழந்தைகளுக்கே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நான் சொல்லப்போகும் எழுத்து அந்த எண்பதில் ஒன்று. போனில் வைத்திருந்த செயலியில் அதன் அட்டையைத் திருப்பினால் பின்னால் மூன்று சொல் இருக்கும்: வாழ்வு, பிறப்பு, பச்சை. பச்சை என்றால் நிறமல்ல. பச்சை முட்டை என்கிறோமே, அந்தப் பச்சை. நான் மூன்றையும் மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த அட்டைக்குப் போய்விட்டேன்.

ஜனவரி மாதம், சக ஊழியர் ஒருவரின் அம்மா கடலோர ஊரிலிருந்து எனக்கொரு பார்சல் அனுப்பினார். உள்ளே என்ன இருக்கிறது என்று மேலே கையால் எழுதியிருந்தது. இரண்டே எழுத்து. இரண்டும் எனக்குத் தெரியும். முதலாவது ‘வாழ்வு’. இரண்டாவது ‘பொருள்’. சேர்த்தால் ‘உயிருள்ள பொருள்’. அகராதியிலும் போட்டுப் பார்த்தேன்: ‘சேய்புத்சு’, உயிரினம், பள்ளிக்கூடத்தில் உயிரியல் பாடத்துக்கும் அதே பெயர். ஐயையோ, ஏதோ நண்டோ ஆமையோ அனுப்பியிருக்கிறார் போலிருக்கிறது என்று பயந்துவிட்டேன். பெட்டி சில்லென்று இருந்தது. ஒசாகாவில் ஜனவரியில் எதுதான் சில்லென்று இருக்காது? குளிரில் செத்துவிடக்கூடாதே என்று ஹீட்டர் பக்கத்தில் வைத்துவிட்டு ஆபீஸ் போனேன்.

மாலை வந்து கதவைத் திறந்ததும் வாசனையிலேயே தெரிந்துவிட்டது. குளிர்காலத்தில் கொழுப்பேறி வரும் புரி மீன். துண்டு போட்டு, ஐஸ் வைத்து, அந்த அம்மா அவ்வளவு கவனமாகக் கட்டி அனுப்பியது.

எங்கள் பகுதிச் சமூகக்கூடத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாரம் ஒருநாள் மொழி வகுப்பு நடக்கும். தன்னார்வத்தில் வந்து சொல்லித்தருவார்கள். எனக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. சென்சேய் என்றுதான் கூப்பிடுவேன். நடந்ததைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு அதே இரண்டு எழுத்தைப் பலகையில் எழுதி, “இதை ‘நமாமோனோ’ன்னும் படிக்கலாம். சமைக்காத பொருள், சீக்கிரம் கெட்டுப்போறது. உடனே ஃப்ரிட்ஜ்ல வைக்கணும்னு அர்த்தம்” என்றார்.

“அப்ப எது எங்கன்னு எப்படித் தெரியும் சென்சேய்?”

“புஸ்தகத்து அட்டையில இருந்தா சேய்புத்சு. மீன் பெட்டி மேல இருந்தா நமாமோனோ.”

அவ்வளவுதான் விளக்கம். எழுத்தில் ஒரு புள்ளி வித்தியாசம்கூட இல்லை.

3

அந்த எழுத்தை இங்கே படமாக ஒட்டினால் ஒரு நொடி பார்த்துவிட்டுக் கீழே போய்விடுவீர்கள். அதனால் ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். சொல்கிறேன், நீங்களே வரையுங்கள்.

இடப்பக்கம் மேலே ஒரு சின்னச் சாய்கோடு, வலமிருந்து இடமாகக் கீழே இறங்கட்டும். அதன் நடுவிலிருந்து வலப்பக்கமாக ஒரு படுக்கைக் கோடு. அதை வெட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை ஒரு நேர்கோடு. அதற்குக் குறுக்கே நடுவில் ஒரு படுக்கைக் கோடு. கடைசியாக அடியில், எல்லாவற்றையும்விட நீளமான ஒன்று. மொத்தம் ஐந்து. அடியில் இருப்பதுதான் மண். மேலே முளைவிட்டுக் கிளம்புகிற செடி. இதன் ஆதி வடிவம் அதுதான்: தரையைப் பிளந்து வரும் முளை.

இந்த முளைக்கு ஜப்பானிய அரசுப் பட்டியல் கொடுக்கும் வாசிப்புகள் பன்னிரண்டு. இரண்டு சீன ஒலியிலிருந்து வந்தவை: சேய், ஷோ. மீதி பத்தும் ஜப்பானிய மொழியின் சொந்தச் சொற்கள். இகிரு என்றால் வாழ்வது. இகாசு, வாழவைப்பது. இகேரு, வெட்டிய பூவைத் தண்ணீரில் வைத்து உயிர்ப்பிப்பது. நமக்குத் தெரிந்த ‘இகெபானா’வின் இகெ அதுதான். உமரேரு, பிறப்பது. உமு, பெறுவது. ஓவு, வளர்வது. ஹாயேரு, புல்லும் பல்லும் முடியும் முளைப்பது. ஹாயாசு, தாடி மாதிரி எதையாவது வளர்ப்பது. கி, கலப்பில்லாதது. நமா, பச்சையானது.

இது பட்டியலில் இருப்பது மட்டும். பட்டியலுக்குப் பின்னிணைப்பாகச் சிறப்புச் சொற்கள் இரண்டு உண்டு. புல்தரை என்ற ‘ஷிபாஃபு’வில் இந்த எழுத்தின் ஒலி ‘ஃபு’. பழைய மூன்றாம் மாதத்தின் பெயரான ‘யயோய்’இல் அது ‘யோய்’. ஊர்ப்பெயர், ஆள்பெயர் என்று போனால் கேட்கவே வேண்டாம். ஷோகி ஆட்டத்தின் மாபெரும் வீரர் யோஷிஹாரு ஹாபு. 2014, 2018 இரண்டு ஒலிம்பிக்கிலும் பனிச்சறுக்கு நடனத்தில் தங்கம் வாங்கியவர் யுஜுரு ஹன்யூ. ஹாபு, ஹன்யூ. இரண்டு குடும்பப் பெயரையும் எழுதுவது ஒரே இரண்டு எழுத்தால், அதில் இரண்டாவது நம்முடைய முளை. படிப்பவர் ஆளைத் தெரிந்து வைத்திருந்தால்தான் உண்டு.

இத்தனையில் எதைப் படிப்பது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பார்த்து. பின்னால் ‘கிரு’ என்று இரண்டு ஹிராகனா வந்தால் இகிரு. ‘மரேரு’ வந்தால் உமரேரு. ‘யேரு’ வந்தால் ஹாயேரு. முன்னால் ‘கல்வி’ என்ற எழுத்து வந்தால் ககுசேய், மாணவன். முன்னால் ‘முந்தி’ என்ற எழுத்து வந்தால் சென்சேய். முந்திப் பிறந்தவர்! ஆசிரியருக்கு மட்டுமல்ல, டாக்டருக்கும் அதே சொல்தான். பீருக்கு முன்னால் வந்தால் நமா. சோயா சாஸுக்கு முன்னால் வந்தால் இரண்டு விதமாகவும் படிக்கலாம், இரண்டும் வேறு வேறு பொருள். ‘கிஜோயு’ என்றால் வேறெதுவும் கலக்காத சாஸ், ‘நமாஷோயு’ என்றால் சூடாக்கிப் பதப்படுத்தாத சாஸ். கடையில் நின்று யோசித்தால் பின்னால் வரிசை கட்டிவிடும்.

செயலியின் அட்டையில் இருந்த அந்த மூன்று சொல்லும் பொய் இல்லை. ஆனால் சொல்லுக்கு நடுவே இருந்த காற்புள்ளிகள் பொய். ஒரு பையில் மூன்று பொருள் கிடக்கின்றன, வேண்டியதை எடுத்துக்கொள் என்கிற மாதிரி அவை காட்டின. உண்மையில் பையில் எதுவும் இல்லை. பக்கத்தில் இன்னொருவர் வந்து நிற்கும்வரை அந்த எழுத்துக்கு என்ன குரல் என்று யாருக்கும் தெரியாது.

4

சீன ஒலி ஏன் இரண்டு? இங்கேதான் எனக்கு இந்த எழுத்தின்மேல் தனிப் பிரியம் வந்தது.

ஜப்பானுக்குச் சீன எழுத்து ஒரே நாளில் ஒரே கப்பலில் வந்து இறங்கவில்லை. முதலில் கொரியா வழியாகத் தென்சீனத்து உச்சரிப்பு வந்தது. பௌத்தமும் அந்தப் பாதையில் வந்ததால் சூத்திரங்கள் அந்த உச்சரிப்பில் நிலைத்துவிட்டன. அதில் இந்த எழுத்து ‘ஷோ’. பிறகு தாங் வம்சத்தின் தலைநகர் சாங்கானுக்கு ஜப்பானியத் தூதர்களும் மாணவர்களும் போய் அந்தக் காலத்து நாகரிக உச்சரிப்பைக் கொண்டுவந்தார்கள். அதில் இது ‘சேய்’. புதியது வந்ததும் பழையதைத் தூக்கிப் போட்டிருக்கலாம். போடவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டார்கள்.

அதனால் படிப்பு, அரசாங்கம், அறிவியல் பக்கம் போனால் பெரும்பாலும் சேய். ஜின்சேய், மனித வாழ்க்கை. சேய்கத்சு, அன்றாடப் பிழைப்பு. பௌத்தத்தின் பக்கம் போனால் ஷோ, சில இடத்தில் அது மெலிந்து ஜோ. இஷ்ஷோ, ஒரு பிறவி. செஷ்ஷோ, உயிர்க்கொலை. ஷுஜோ, எல்லா ஜீவன்களும். ஒரே எழுத்து, ஆனால் ஒரு சொல்லை வாய்விட்டுப் படிக்கும்போதே அது எந்தக் கப்பலில் வந்தது என்று தெரிந்துவிடும்.

இந்தப் பக்கம் வந்த ஒரு சொல்தான் என்னை உலுக்கியது. ‘ஓஜோ’. முதல் எழுத்துக்குப் ‘போதல்’ என்று பொருள், இரண்டாவது நம் எழுத்து. போய்ப் பிறத்தல். அமிதாபரின் தூய நிலத்தில் போய்ப் பிறப்பது. அதாவது சாவது. நிறைவாழ்வு வாழ்ந்து நிம்மதியாகப் போனவரைப் பற்றி ‘தாய்ஓஜோ’ என்பார்கள், பெரிய ஓஜோ. பேச்சு வழக்கில் எதிலாவது மாட்டிக்கொண்டு முழிப்பதற்கும் ஓஜோதான். முளைக்கும் செடியை வரைந்து பிறப்பு என்று பெயர் வைத்த எழுத்து, சாவைச் சொல்லும் சொல்லிலும் போய் உட்கார்ந்திருக்கிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தமிழ் ஆட்களிடம் இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: “சேய்னா குழந்தை. அங்கயும் சேய்னா பிறப்பு. பாத்தீங்களா?” ஜப்பானிய மொழியின் வேர் தமிழில் இருக்கிறது என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞரே வாதிட்டார், மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அந்த விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். இந்தச் ‘சேய்’ சீனத்திலிருந்து கடன் வாங்கிய ஒலி, ஜப்பானிய மொழியின் சொந்தச் சொல்லே இல்லை. ஆகவே நம்முடைய சேயோடு அது தற்செயலாக மோதிக்கொண்டது, அவ்வளவுதான். ஒலி ஒன்றாக இருந்தால் உறவு என்று நினைப்பதும், வடிவம் ஒன்றாக இருந்தால் பொருள் ஒன்று என்று நினைத்து மீனை ஹீட்டர் பக்கத்தில் வைப்பதும் ஒரே வகைத் தவறுதான்.

5

இனி படத்துக்கு வருகிறேன்.

‘இகிரு’ 1952இல் வந்தது. தலைப்பு மூன்றே எழுத்து: முளை, கி, ரு. நகராட்சி அலுவலகத்தில் குடிமக்கள் பிரிவின் தலைவர் வதனாபே. முதல் பெயர் கன்ஜி. எழுத்துகள் வேறு, ஒலி அதேதான், எனக்கு அது ஒரு சின்னச் சிரிப்பு. ஏறக்குறைய முப்பது வருஷம் லீவே போடாமல் கோப்புகளில் முத்திரை குத்தியவர். வயிற்றில் புற்றுநோய். படம் தொடங்குவதே அவருடைய வயிற்றின் எக்ஸ்ரேயில்தான்.

தலைப்பை என் பழைய கட்டுரையில் ‘வாழ்தல்’ என்று மொழிபெயர்த்திருந்தேன். ஆங்கிலத்திலும் அப்படித்தான் சொல்கிறார்கள். கசுவோ இஷிகுரோ திரைக்கதை எழுதி 2022இல் வந்த பிரிட்டிஷ் மறுஆக்கத்துக்கு ‘லிவிங்’ என்றே பெயர். பெயர்ச்சொல்லாக அது பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் இகிரு பெயர்ச்சொல் அல்ல, வினை. முற்றுவினை. ஜப்பானிய வினையில் ஆள் இல்லை, ஆண் பெண் இல்லை, ஒருமை பன்மை இல்லை. நிகழ்காலமும் எதிர்காலமும் ஒரே வடிவம். வாழ்கிறேன், வாழ்கிறாய், வாழ்வான், வாழ்வோம், வாழும் எல்லாமே இகிருதான். தமிழில் இதைச் சொல்ல வழியே இல்லை. நம்முடைய வினைமுற்று வாலை ஆட்டி யார் என்று சொல்லிவிடும். யார் என்று சொல்ல மறுத்தால் ‘வாழ்தல்’ என்று பெயர்ச்சொல்லாகி உறைந்துவிடும். எழுவாய் இல்லாத ஒரு வினையைத் தலைப்பாக வைத்துவிட்டு, இந்த வினைக்கு எழுவாய் யார் என்று இரண்டரை மணி நேரம் கேட்கிறார் குரோசவா.

இன்னொன்றும் இருக்கிறது. தமிழில் ‘உயிரோடு இருப்பது’ வேறு, ‘வாழ்வது’ வேறு. “உசுரோட இருக்கான், அவ்ளோதான். அது ஒரு வாழ்க்கையா?” என்று சாதாரணமாகச் சொல்வோம். ஜப்பானிய மொழியில் இரண்டுக்கும் இகிருதான். படத்தின் ஆரம்பத்தில் பின்னணிக் குரல் வதனாபேயை அறிமுகப்படுத்தும்போது, இவர் உயிரோடு இருப்பதாகவே சொல்ல முடியாது, எப்போதோ செத்துவிட்டார் என்கிற தொனியில் பேசும். அலுவலகத்தில் வேலை பார்க்கும் தொயோ என்ற பெண் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘மம்மி’. நான் இதைத் தமிழ் மனத்தோடு பார்த்தேன். ஓ, ‘உயிரோடு இருத்தல்’ என்ற பெட்டியிலிருந்து ‘வாழ்தல்’ என்ற பெட்டிக்கு ஒருவர் தாவுகிறார், அதுதான் கதை என்று. அதனால்தான் ‘நல்லவராக மாறும் அதிகாரி’ என்று எழுதினேன். ஆனால் படத்தில் தாவல் இல்லை. சொல் ஒன்றுதான். அவர் கடைசிவரை அதே முத்திரை, அதே கோப்பு, அதே மாடிப்படி, அதே குனிந்த முதுகு. குடிமக்கள் பிரிவின் வேலை என்னவோ அதைத்தான் செய்கிறார். எழுத்து மாறவில்லை, வாசிப்பு மாறுகிறது.

வாசிப்பு எங்கே மாறுகிறது என்பதற்குப் படத்தில் ஓர் இடம் உண்டு. தொயோ அரசு வேலையை விட்டுவிட்டு பொம்மைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். ஓர் உணவுவிடுதியின் மாடியில் அவளிடம் வதனாபே கிட்டத்தட்டக் கெஞ்சுகிறார்: நீ மட்டும் எப்படி இவ்வளவு உயிர்ப்பாக இருக்கிறாய்? அவளுக்கே பயமாகிவிடுகிறது. பதிலாக, தான் செய்த முயல் பொம்மையைச் சாவி கொடுத்து மேசையில் ஓடவிடுகிறாள். வதனாபே அதை எடுத்துக்கொண்டு படியில் இறங்கி ஓடுகிறார். அதே நேரம் எதிர்ப்பக்க மாடியில் ஒரு மாணவர் கூட்டம் தங்கள் தோழிக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடுகிறது. அவள் படியேறி வருகிறாள். பாட்டு அவளுக்கு, ஆனால் கேமராவில் இறங்கிக்கொண்டிருப்பவர் இவர்.

முதல் இரண்டு முறையும் இதை ‘சாமர்த்தியமான எடிட்டிங்’ என்றுதான் பார்த்தேன். பிறந்தநாள் ஜப்பானிய மொழியில் ‘தன்ஜோபி’. நடுவில் இருக்கும் ‘ஜோ’ நம்முடைய எழுத்து. பாடுகிறவர்கள் ககுசேய், அதிலும் அதே எழுத்து. தலைப்பில் ‘இ’ என்று படித்தது இங்கே ‘ஜோ’ என்று படிக்கப்படுகிறது. வாழ்வதும் பிறப்பதும் அந்த மொழியில் ஒரே ஐந்து கோடு. சாகப்போகிறவர் படியிறங்கும்போது பிறந்தநாள் பாட்டு கேட்பது அங்கே உருவகமே இல்லை, ஓர் எழுத்தைச் சத்தமாகப் படிப்பது.

இதைச் சென்சேயிடம் பரவசமாகச் சொன்னேன். அவர் தலையைச் சாய்த்து யோசித்துவிட்டு, “நாங்க யாரும் அப்படிப் பிரிச்சுப் பாக்கறதில்லையே. பிறந்தநாள்னா பிறந்தநாள்தான்” என்றார். நியாயம். விண்மீன் என்று சொல்லும்போது நாம் மீனையா நினைக்கிறோம்? தாய்மொழிக்காரர்கள் வேகமாகப் படிக்கிறார்கள், அது அவர்கள் உரிமை. வெளியாள் எழுத்துக்கூட்டி மெதுவாகப் படிக்கிறான். ஆனால் மெதுவாகப் படிப்பதைத்தானே விமர்சனம் என்கிறோம்? குரோசவா இதை எண்ணித்தான் எடுத்தாரா என்று நான் கேட்கவில்லை. தலைப்பு அங்கே இருக்கிறது, காட்சி அங்கே இருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது என் வேலை.

6

இப்போது நான் கத்தரிக்கச் சொன்ன பகுதி.

ஐந்து மாதம் கழித்து வதனாபே இறந்துவிட்டார் என்று பின்னணிக் குரல் சாதாரணமாகச் சொல்கிறது. படத்தில் இன்னும் மூன்றிலொரு பங்கு மீதி இருக்கிறது. துக்க வீடு. புகைப்படம். கறுப்பு உடையில் துணை மேயர், அதிகாரிகள், சக ஊழியர்கள். குரோயே பகுதிப் பெண்கள் சாக்கடைத் தண்ணீர் தேங்கிய ஒரு குட்டையை மூடிப் பூங்கா கேட்டு மனு கொடுத்தவர்கள். ஒவ்வொரு பிரிவாக அலையவிட்ட பிறகு, வதனாபேதான் கடைசியில் அதை எடுத்து நடத்தினார். கேள்வி: அந்தப் பூங்காவைக் கட்டியது யார்?

துணை மேயர் ஒரு வாசிப்பைத் தருகிறார். தன்னுடைய பங்கை அடிக்கோடிடும் வாசிப்பு. அதிகாரிகள் தலையாட்டுகிறார்கள். அந்தப் பெண்கள் உள்ளே வந்து, யாரிடமும் பேசாமல், படத்தின் முன்னால் ஊதுபத்தி வைத்து அழுகிறார்கள். வாசிப்பு ஆட்டம் காண்கிறது. துணை மேயர் எழுந்து போய்விடுகிறார். மிச்சம் இருப்பவர்கள் குடிக்கத் தொடங்குகிறார்கள். ஒருவன் ஒன்றை நினைவுகூர்கிறான்: அவமானப்படுத்தியபோதும் கோபிக்கவில்லையே, ஏன்? இன்னொருவன் இன்னொன்று. ஒவ்வொன்றும் ஒரு துண்டு, ஒவ்வொரு துண்டும் பக்கத்தில் வந்து நிற்கும் இன்னோர் எழுத்து. அவருக்குத் தன் நோய் தெரியுமா தெரியாதா? தெரியாது என்று படித்தால் அவர் ஒரு பிடிவாதக்கார அதிகாரி. தெரியும் என்று படித்தால் எல்லாத் துண்டுகளுக்கும் ஒலி மாறிவிடுகிறது. கடைசியில் ஒரு போலீஸ்காரர் பூங்காவில் கிடைத்த தொப்பியோடு வந்து, பனி கொட்டும் இரவில் அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து பாடியதைச் சொல்கிறார். குடிகாரர் என்று நினைத்து விட்டுவிட்டேன் என்கிறார். அதுவும் ஒரு வாசிப்புதானே.

அவர் பாடிய ‘கொந்தோலாவின் பாட்டு’ 1915இல் வந்தது. அதில் உயிரைக் குறிக்கும் சொல் ‘இனொச்சி’. அதற்கு வேறொரு எழுத்து. இகிரு செய்கிற வினை என்றால், இனொச்சி ஒருவரிடம் இருப்பது, தீர்ந்துபோவது. தலைப்பின் எழுத்தும் பாட்டின் எழுத்தும் சேர்ந்தால் ‘சேய்மேய்’ என்று உயிருக்கு இன்னொரு சொல் கிடைக்கும். தீர்ந்துகொண்டிருக்கும் ஒன்றைப் பாடிக்கொண்டே ஒருவர் ஊஞ்சல் ஆடுகிறார். நாம் அதைப் போலீஸ்காரர் சொல்லித்தான் பார்க்கிறோம்.

இந்தப் பகுதியைத்தான் நான் இழுவை என்றேன். ‘நமக்குத்தான் உண்மை தெரியுமே, இவர்கள் ஏன் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள்?’ என்ற எரிச்சல். எனக்குத் தெரிந்திருந்தது அட்டைக்குப் பின்னால் இருந்த மூன்று சொல் மட்டும். குரோசவா இறந்தவரை ஓர் எழுத்தாக நடுவில் வைத்துவிட்டு, அதைப் படிக்கத் தெரியாத ஒரு வகுப்பைச் சுற்றி உட்காரவைத்திருக்கிறார். அவர்கள் எழுத்துக்கூட்டுகிறார்கள், தப்பாகப் படிக்கிறார்கள், திருத்திக்கொள்கிறார்கள். அந்த நேரத்தைக் கத்தரித்தால் மிஞ்சுவது செய்தி. ‘நல்லது செய்யுங்கள்’ என்கிற அட்டை.

கற்றுக்கொண்டார்களா? போதையில் எல்லோரும் சபதம் போடுகிறார்கள். மறுநாள் அலுவலகம். புதிய பிரிவுத் தலைவர் ஒரு மனுவை வேறு பிரிவுக்குத் திருப்பி அனுப்புகிறார். கிமுரா என்ற ஒருவன் மட்டும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நிற்கிறான். எல்லோரும் பார்க்கிறார்கள். மெல்ல உட்கார்ந்துகொள்கிறான், கோப்புக் குவியல் அவன் முகத்தை மறைத்துவிடுகிறது. படிக்கத் தெரிவது வேறு, செய்வது வேறு என்று இவ்வளவு ஈவிரக்கமில்லாமல் சொன்ன இன்னொரு காட்சி எனக்கு உடனே ஞாபகம் வரவில்லை. என் பழைய கட்டுரையில் கிமுராவின் பெயர்கூட இல்லை.

7

ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம் சென்சேய் ஒரு சொல்லை எழுதிக்கொடுத்தார். ஜப்பானில் பள்ளிக்கூடம், மைதானம், ஆபீஸ் என்று எங்கே போனாலும் காதில் விழும் சொல்: இஷ்ஷோகென்மேய். ‘முழு மூச்சாக’ என்று நாம் சொல்வோம். எழுத்துப்படி பார்த்தால் ‘ஒரு பிறவி முழுவதும் உயிரைப் பணயம் வைத்து’. பிறவிக்கு நம்முடைய முளை எழுத்து, உயிருக்கு அந்தப் பாட்டின் இனொச்சி எழுத்து.

“ஆனா மொதல்ல இது இந்த எழுத்து இல்ல” என்றார். மத்திய காலத்துப் போர்வீரர்கள் தங்களுக்குக் கிடைத்த ஒரே துண்டு நிலத்தை உயிரைக் கொடுத்துக் காப்பதைச் சொல்ல வந்த சொல் அது. அப்போது ‘பிறவி’ இருக்கும் இடத்தில் ‘இடம்’ என்ற எழுத்து இருந்தது. ஒரே இடத்துக்காக உயிர். ஒலி கொஞ்சம் நீண்டு, ‘ஒரு இடம்’ என்பது ‘ஒரு பிறவி’ ஆகிவிட்டது. எழுத்துப் பிழை என்று சொல்லலாம். இன்று பெரும்பாலும் எழுதுவது அந்தப் பிழையைத்தான்.

வதனாபேயிடம் இருந்ததும் ஒரே துண்டு நிலம்தானே. கொசு மொய்க்கும் ஒரு குட்டை. அவர் உலகத்தைத் திருத்தக் கிளம்பவில்லை, நகராட்சியைக்கூடத் திருத்தவில்லை. ஒரே இடம். அதில் ஐந்து மாதம். முப்பது வருஷக் கோப்புகளையும் அந்த ஐந்து மாதத்தையும் எழுதுவது ஒரே எழுத்துதான். எப்படிப் படிப்பது என்பதைப் பக்கத்தில் இருக்கும் அந்த நிலத்துண்டு சொல்கிறது.

செயலியை அழித்துவிட்டேன். இப்போது நோட்டில்தான் எழுதுகிறேன். முதலில் கோடு போட்டு எழுத்து, ஒலி, பொருள் என்று மூன்று பத்தி பிரித்திருந்தேன். பொருள் என்ற பத்தியை அடித்துவிட்டு ‘பக்கத்தில் யார்’ என்று மாற்றியிருக்கிறேன். இந்த எழுத்துக்கு மட்டும் இரண்டரைப் பக்கம் ஆகிவிட்டது, இன்னும் இடம் விட்டு வைத்திருக்கிறேன். முதல் வரியில் இருப்பது புரி மீன்.

மூன்றாவது முறை படத்தைச் சப்டைட்டில் இல்லாமல் பார்த்தேன். பாதி வசனம் புரியவில்லை. கடைசிக் காட்சியில் கிமுரா பாலத்தில் நின்று, கீழே பூங்காவில் குழந்தைகள் விளையாடுவதைப் பார்க்கிறான். அங்கே வசனம் புரிந்தாக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. பழைய கட்டுரையின் கடைசிப் பத்தியை எடுத்துவிட்டு அந்தப் பாலத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.